மாதோட்டத்து மணியும் கல்முனைக் கம்பியும்

முடிமன்னர் அணிந்த மாணிக்கமும் முத்தும் எங்கிருந்து வந்தன என்பதைச் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. ஆனால் ஓர் ஏழைப் பெண்ணின் காதில் ஆடிய சின்னஞ்சிறு கண்ணாடி மணி எங்கே பிறந்தது, யார் கையால் உருவாயிற்று என்று கேட்டவர் மிகச் சிலரே. அந்தச் சிறிய கேள்வியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நான் கற்றுத் தேர்ந்ததனால் இக்கேள்வி எழவில்லை. நான் செய்த பிழை ஒன்றினாலேயே எழுந்தது. ஆகவே அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகம் புகுவதற்கு முந்திய ஆண்டில், எம்மூரார் சிலருடன் திருக்கேதீச்சரத்துக்கு யாத்திரை சென்றேன். கல்முனையிலிருந்து மன்னார்ப் பக்கம் போவதென்றால் கீழ்க்கரையிலிருந்து மேல்கரைக்குத் தீவைக் குறுக்கே கடப்பதாகும். பாலாவியில் நீராடிச் சுவாமி தரிசனம் செய்தபின், கோயிலைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் சிறிது உலாவினோம். முதல்நாள் பெய்த மழை மண்ணைக் கழுவி விட்டிருந்தது. காலடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து எடுத்தேன். மிளகளவு கூட இல்லாத ஒரு மணி. நடுவே துளை. செங்கல்லின் நிறம். யாரோ ஒரு சிறுமியின் மாலை அறுந்து விழுந்தது போலும் என்று எண்ணி, தீப்பெட்டி ஒன்றில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கைவேலை

என் தங்கையும், அடுத்த தெருவிலுள்ள அவளுடைய முஸ்லிம் சிநேகிதியும் ஓய்வு நேரங்களில் எங்கள் விறாந்தையில் இருந்து கம்பியிலே மணி கோத்துக் காதணி செய்வார்கள். சிநேகிதியின் தாயார் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் நடந்த கைத்தொழில் வகுப்பு ஒன்றிலே இதைப் பழகியவர். மகள் தாயிடமும், என் தங்கை மகளிடமும் கற்றுக்கொண்டனர்.

வேண்டும் பொருள்கள் சிலவே. பான்சிக் கடையில் வாங்கிய பாசிமணி, தடித்த கம்பி, மெல்லிய கம்பி, வெட்டுக் குறடு, மூக்கு உருண்ட குறடு, ஒரு சிறு அரம். காதிலே மாட்டும் கொக்கிக்கு 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி போதும். அதிலே நாலைந்து சென்ரிமீற்றர் வெட்டி, ஒரு நுனியைக் குறட்டினால் சுழித்துச் சிறு வளையமாக்குவர். பின் கம்பியை ஒரு பென்சிலின் மேல் வைத்து வளைத்தால் கொக்கி உருவாகும். காதுத் துளைக்குள் புகும் மற்ற நுனியை அரத்தினால் உராய்ந்து மழுக்கவேண்டும். இதைச் செய்யாது விட்டால் காது புண்ணாகும். மணி கோப்பதற்கு அதிலும் பாதித் தடிப்புள்ள கம்பி. மணிகளைக் கோத்து, கம்பியின் இரு தலைப்பையும் ஒன்றாக்கி, கொக்கியின் வளையத்துள் நுழைத்து, கழுத்திலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. ஒரு காதுக்குரியதை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் இரண்டும் ஒத்திரா. இரண்டு கொக்கியையும் ஒரே வேளையில் வளைத்து, இரண்டு வளையத்தையும் ஒரே வேளையில் சுழித்து, படிக்குப் படி இணையாகவே கொண்டுசெல்ல வேண்டும்.

மற்றொரு நுட்பத்தைப் பெளதிகம் விளக்குகிறது. தவறாக வளைந்த கம்பியை நிமிர்த்தி மறுபடி அதே இடத்தில் வளைத்தால் அது இறுகும். மீண்டும் மீண்டும் செய்தால் முறியும். நான் படித்த மிஷன் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் இதை ஒரு செப்புக் கம்பியைக் கொண்டு செய்துகாட்டினார். உலோகத்தை வளைக்குந்தோறும் உள்ளிருக்கும் அணுக்களின் ஒழுங்கு குலைந்து சிக்குண்டு, மேலும் வளைய இடங்கொடாது இறுகுகிறது. அதைச் சூடேற்றினால் ஒழுங்கு மீண்டு, கம்பி இளகிவிடும். நம்மூர்த் தட்டார் இந்த விதியை ஏட்டில் படித்தவரல்லர். எனினும் துளையிட்ட இரும்புத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்குப் பொற்கம்பியை இழுக்கும்போது, இடையிடையே நெருப்பிலே காட்டியே இழுப்பர். ஒரு கிராம் பொன்னை இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளும் கம்பியாக இழுக்கலாம் என்று விஞ்ஞானம் கூறுகின்றது. அந்த இழைப்புக்கு வழிகாட்டியது உலைக்களத்து அனுபவமே.

அன்று அவர்கள் சிவப்பு மணி வைத்து ஒரு சோடி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மணி குறைந்தது. நான் தீப்பெட்டியைத் திறந்து கொடுத்தேன். "அண்ணா, இது கடையில வாங்கினது மாதிரியே இருக்கு" என்று சொல்லி, அச்சிநேகிதி அதை ஒரு காதணியின் நடுவிலே கோத்துவிட்டாள். இடக்காதில் கேதீச்சரத்து மணி. வலக்காதில் கல்முனைக் கடை மணி. எது எதுவென்று எம்மில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

சாட்சி இழந்த மணி

பல்கலைக்கழகத்தில் ஒரு நாள், பழைய துறைமுகங்களைப் பற்றிய விரிவுரையில் மாதோட்டம் பேசப்பட்டது. நான் பெருமையோடு எழுந்து, அங்கே கிடைத்த மணி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த இடத்தில், எந்த மண் படையில் கிடந்தது?" நான் விழித்தேன். "அப்படியானால் அது இப்போது வெறும் மணி, தம்பி. மண்ணில் இருந்தவரை அது ஒரு சாட்சி" என்றார் அவர். புராதனப் பொருள்களை இவ்விதம் எடுத்துச் செல்வதை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் புராதனப் பொருட்கள் கட்டளைச்சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அடுத்த விடுமுறையில் தங்கை கம்பியை வெட்டி மணியைக் கழற்றித் தந்தாள். அதனை விரிவுரையாளரிடம் ஒப்படைத்தேன். எந்தக் காதணியில் இருந்த மணி அது என்பதை அவள் நூல் கட்டி அடையாளம் செய்திருந்தது நல்லதாயிற்று. இல்லாவிடின் கடை மணியையே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்!

அதன்பின்னரே அம்மணியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மாதோட்டம்

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் மாதோட்டத்தில் உள்ளது. பாளி நூல்கள் மகாதித்த என்று கூறுவதும், ஆராய்ச்சியாளர் மாந்தை என்று எழுதுவதும் இதுவே. இன்று நாம் வழிபடும் கோயில், இலாட வடிவான ஒரு பெரும் மேட்டின் நடுவே நிற்கிறது. அம்மேட்டைச் சுற்றி இரண்டு அகழிகள் இருந்தன. அம்மேடு முழுவதும் ஒரு பழம்பட்டினத்தின் எச்சம். அநுராதபுர அரசின் பெருந் துறைமுகமாக விளங்கிய அப்பட்டினம், சோழர் ஆட்சியிலே இராசராசபுரம் என்ற பெயரையும் பெற்றது. 1980 முதல் 1984 வரை அங்கு விரிவான அகழாய்வு நடந்தது. நாட்டில் போர் மூண்டதனால் அது நின்றது. அதன் முழு அறிக்கை 2013இலேதான் நூலாக வெளிவந்தது. போர் முடிந்தபின் 2009, 2010ஆம் ஆண்டுகளில் மறுபடியும் தோண்டியபோது மிளகும் கிராம்பும் கூட மண்ணிலிருந்து கிடைத்தன. கிராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் விளைந்த பொருள். அத்தனை தூரத்துச் சரக்கு அந்தத் துறையில் இறங்கியிருக்கிறது.

இறங்கிய சரக்கு மட்டுமன்று, ஏறிய சரக்கும் உண்டு. அவற்றுள் ஒன்று கண்ணாடி மணி. மாதோட்டம் மணிகளை வாங்கி விற்ற சந்தை மாத்திரமன்று. அவற்றைச் செய்த பட்டறையும் ஆகும். இதனை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான பீட்டர் பிரான்சிஸ் என்பவர். மணிகளை ஆராய்வதற்கே வாழ்நாளைச் செலவிட்ட அவர், இவ்வகை மணிக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயரிட்டார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு இத்தொழிலின் மிகப் பழைய நிலையங்களுள் ஒன்று. 1945இல் மோர்டிமர் வீலர் தோண்டி உரோமரின் மட்பாண்டங்களை எடுத்த அதே அரிக்கமேடுதான். உரோமப் பாண்டத்தை உலகம் கொண்டாடியது. அதே மண்ணில் ஏராளமாகக் கிடந்த சிறு மணிகளின் பெருமை பின்னரே உணரப்பட்டது.

மணி செய்த முறை

இம்மணிகளை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. உருகிய கண்ணாடிக் கட்டி ஒன்றைப் பொள்ளலான நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் ஏற்றி உலையிலே வைப்பர். குழாயினூடே ஒரு கோலைச் செலுத்திக் கண்ணாடியின் நடுவிலே துளை உண்டாக்குவர். பின் உலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கொக்கியினால் கண்ணாடியைப் பற்றி இழுத்தால், அது துளையோடு கூடிய மெல்லிய குழலாக நீண்டு வரும். தலைமைத் தொழிலாளி இருந்த இடம் பெயராமல் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருப்பார். இழுப்பின் வேகம் சற்றே கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும். அக்குழலைத் துண்டுகளாக முறித்து, கூரிய விளிம்பிலே வைத்து மணியளவாக நறுக்குவர். நறுக்கிய மணியின் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஆகையால் துளை அடைபடாதபடி சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றிக் கிளறுவர். விளிம்பு மழுங்கி மணி உருண்டை பெறும். பிறகு சாம்பலைப் புடைத்து நீக்கி நூலிலே கோத்துவிடுவார்கள்.

கம்பியை இழுத்து நீட்டும் தட்டாரின் தொழிலும், கண்ணாடியை இழுத்து நீட்டும் மணிகாரரின் தொழிலும் ஓரினமே என்பதை வாசகர் கவனிப்பாராக. கொக்கியின் நுனியை மழுக்குவது காது நோகாதிருக்க. மணியின் விளிம்பை மழுக்குவது நூல் அறாதிருக்க. இரண்டிலும் கடைசி வேலை கூர்மையைப் போக்குவதே.

இம்முறை ஏட்டிலிருந்து ஊகித்ததன்று. ஆந்திர நாட்டிலே, திருப்பதிக்குச் சமீபமான பாப்பநாயுடுபேட்டை என்னும் கிராமத்தில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இதே முறையில் மணி செய்தார்கள். பிரான்சிஸ் முதலான ஆராய்ச்சியாளர் அங்கே சென்று உலையின் அருகில் நின்று கண்டு எழுதினார்கள். உயிரோடிருந்த கை ஒன்று இல்லாதிருந்தால், அரிக்கமேட்டிலும் மாதோட்டத்திலும் கிடைத்த கழிவுத் துண்டுகள் எதனைக் குறிக்கின்றன என்று தெரிந்துகொள்வது மிகக் கடினமாயிருக்கும்.

கடல் கடந்த மணி

இம்மணிகள் எங்கெங்கே சென்றன? தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஒக் ஏயோ, மலாயாவின் குவாலா செலின்சிங் ஆகிய இடங்களிலே இவை கிடைத்தன. அவ்விடங்களிலும் பின்னாளில் இத்தொழில் நடந்தது. மணி மாத்திரமன்றி, மணி செய்யும் கையும் கப்பல் ஏறியது என்று அறிஞர் கருதுவர். கொரியாவிலே கி.பி. 523இல் இறந்த முரியோங் என்ற மன்னனுடைய கல்லறை 1971இல் திறக்கப்பட்டபோது, அதற்குள்ளும் இவ்வகைக் கண்ணாடி மணிகள் ஏராளமாக இருந்தன. மேற்கே ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலும் தென்னிந்திய, இலங்கைக் கண்ணாடிக்குரிய இரசாயனக் கலப்பு உள்ள மணிகள் கிடைத்துள்ளன. திமோர்த் தீவிலே சிவப்பு மணியை முட்டிசலா என்பர். பொய்முத்து என்பது அதன் பொருள். பொய்முத்தென்று பெயர் பெற்றும், தலைமுறை தலைமுறையாகச் சீதனப் பொருளாக அங்கே அதைப் போற்றினார்கள். நம் நாட்டில் மலிவாகப் பிறந்த பொருள், தூரதேசத்தில் குலதனமாயிற்று.

பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் மாதோட்டம் தளர்ந்தது. அநுராதபுரம் வீழ்ந்து பொலன்னறுவை தலைநகரானபோது, துறைமுகங்களின் நிலையும் மாறிற்று. நூற்றாண்டுகள் சில கழிய, ஐரோப்பியக் கப்பல்கள் வெனிஸ் நகரத்து மணியையும் பின்னர் பொகீமிய மணியையும் கொண்டுவந்தன. இன்று பான்சிக் கடைகளில் உள்ள பாசிமணியும் வெளிநாட்டு யந்திரங்களில் பிறப்பதே. ஒரு காலத்தில் உலகுக்கு மணி விற்ற தீவு, இன்று மணியை விலைக்கு வாங்கிக் கம்பியிலே கோக்கிறது.

காதும் பெயரும்

மணி போனாலும் காதணி போகவில்லை. அதன் பெயர்களே ஒரு சரித்திரம். தோடு என்பது முதலில் ஓலையைச் சுருட்டிக் காதில் இட்டதன் பெயர். பின்னர் பொன்னால் செய்தாலும் பெயர் மாறவில்லை. காதோலை என்ற சொல் இன்றும் அதற்குச் சான்று. கமலத்தின் வடிவாயிருந்தது கம்மல். ஆடவர் அணிந்தது கடுக்கன். மணியைத் துளைப்போரைக் குயினர் என்று மதுரைக்காஞ்சி அழைக்கின்றது. திருஞானசம்பந்தர் தம் முதற் பதிகத்தை இறைவனுடைய செவியில் இருந்த தோட்டைக் கண்டே தொடங்கினார் என்பதைச் சைவப் பிள்ளைகள் யாவரும் அறிவர்.

இவ்விஷயத்தில் எங்கள் கரையில் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் பெரிதாக இல்லை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் பெண் குழந்தைக்குக் காது குத்துவது கொண்டாட்டம்; கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அவ்வாறே. தங்கையின் சிநேகிதியுடைய உம்மம்மாவின் காது மடலிலே, மேலிருந்து கீழாக வரிசையாய்த் தூர்ந்துபோன துளைகள் இருக்கின்றன. "ஒவ்வொண்டுலயும் ஒரு வளையம் கிடந்திச்சு மகன். அடுத்த தெருத் தட்டார்தான் செய்து தந்தவர்" என்று அவர் சொன்னார். அடுத்த தெருத் தட்டார் தமிழர். மலையாளக் கரையில் மாப்பிள்ளைப் பெண்கள் அணிந்த அலிக்கத்து என்ற வளைய வரிசையும் இதைப் போன்றதே. கடலோரத்து மக்களைக் காதணியும் உறவாக்கியது.

அந்த வளையங்கள் எங்கே என்று கேட்டேன். சில பேத்திகளின் சீதனத்துக்காக உருக்கப்பட்டன. எஞ்சியவை இருந்த பெட்டியை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் கொண்டுபோயிற்று. எங்கள் அம்மம்மாவின் பெட்டியும் அன்றுதான் போனது. உயிரிழந்தோரை நினைக்கும்போது பெட்டியைப் பற்றிப் பேச நாக்கூசுகிறது. ஆயினும், பொருள் போன பிறகு அதன் வடிவமும் பெயரும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன என்பது உண்மை.

நாம் செய்யவேண்டியது

காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பள்ளியிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். யாழ் என்ற கருவி வழக்கொழிந்து, அதைச் செய்யத் தெரிந்த கைகளும் மறைந்துபோன காலத்தில், பழைய நூல்களின் சொற்களையும் கணிதத்தையும் துணைக்கொண்டு அதனை மீட்க அவர் பல ஆண்டுகள் உழைத்தார். 1947இல் யாழ் நூல் அரங்கேறிய சில வாரங்களுள் அவர் மறைந்தார். கை மறைந்தபின் ஒன்றை மீட்பதற்கு அத்தகைய பேரறிவும் அத்தகைய தவமும் வேண்டியிருந்தன. கை உயிரோடிருக்கையில் எழுதிக்கொள்வதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும், சற்றுப் பொறுமையுமே. ஆனந்த குமாரசுவாமி 1908இல் சிங்களக் கலைகளைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டபோது, கைவினைஞர்களின் முறைகளையும் கருவிகளையும் பதிவு செய்துவைத்தார். அவ்விதமான ஒரு பதிவு எங்கள் கரைக்கும் தேவை.

ஆகையால் நம் மன்றத்து இளைஞர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது: யாத்திரை போகுமிடத்தில் பழம்பொருள் ஏதும் கண்ணிற்பட்டால் அதைத் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவர்களுக்கு அறிவியுங்கள். ஒரு மணியை எடுப்பவன் ஒரு மணியைத்தான் எடுப்பதாக நினைக்கிறான்; அது சொல்லக்கூடிய சாட்சியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறான். நான் எடுத்தேன். அதை இனி எவராலும் பழைய இடத்தில் வைக்க முடியாது.

இரண்டாவது: மண்ணிலிருந்து எடுக்காதீர்கள், மனிதரிடமிருந்து எடுங்கள். உங்கள் அம்மம்மாவிடமும், அடுத்த வீட்டு உம்மம்மாவிடமும், உலையை மூடிவிட்டு வீட்டிலிருக்கும் தட்டாரிடமும் சென்று கேளுங்கள். அந்த நகைக்கு என்ன பெயர், எந்தக் கருவியால் செய்தார்கள், யார் யாருக்குச் செய்தார்கள் என்று எழுதி வையுங்கள். பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் கேட்டால் "அது பழங்கதை" என்று தள்ளிவிடாதீர்கள்.

மணியைக் கழற்றிய காதணியின் நடுவிலே தங்கை இன்னும் வேறு மணி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "உம்மம்மா தன்ர வளையத்தை எப்பிடிச் செய்ததெண்டு வாற வெள்ளிக்கிழமை சொல்லித் தாறன் எண்டவ. அதைப் பழகிப்போட்டு முடிக்கிறன்" என்றாள். அன்று நானும் கொப்பியோடு போவதாக இருக்கிறேன்.